இரண்டாவது கொயிலுக்கு நீதி கேட்ட கதை

சிலருக்குச் சந்தேகம் பரம்பரையாக வரும். எனக்கு அது சீதனமாக வந்தது. கலியாணத்துக்கு முன்பு யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற ஆளாகத்தான் இருந்தேன். (அந்தத் தலையாட்டலைப் பார்த்துத்தான் பெண் கொடுத்தார்கள் என்று என் மனைவி வதனி இன்றும் சொல்வாள்.) ஆரையம்பதியில் மாமனார் வீட்டுச் சோற்றை ஒரு வருடம் தின்ற பிறகு, வாழைப்பழத்தைக்கூட நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துத்தான் உரிக்கத் தொடங்கினேன்.

மட்டக்களப்பில் கலியாணம் முடிந்தால் பெண் எங்கும் போவதில்லை. மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வர வேண்டும். மாமாவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவளுக்கு முன்னால் இருக்கும் பெரிய வீடு, இளையவள் வதனிக்குப் பின்வளவில் கட்டிய சின்ன வீடு. மூத்தவளும் கணவரும் லண்டனில் இருந்ததால் முன்வீடு வருடம் முழுக்கப் பூட்டியே கிடந்தது. ஆனாலும் அவர் முன்வீட்டு மருமகன், நான் பின்வீட்டு மருமகன். வளவில் முதல் மாம்பழம் பழுத்தால் மாமி அதை எடுத்து, "மூத்தவருக்கு விருப்பம்" என்று அரிசிப் பானைக்குள் வைப்பார். லண்டனில் இருக்கும் மனிதர் எப்படி வந்து அதைச் சாப்பிடுவார் என்று யாரும் யோசிப்பதில்லை. பழம் கறுத்து, ஒரு பக்கம் நைந்து, வண்டும் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு அது எனக்குக் கிடைக்கும்.

இந்த மாம்பழத்தைத் தயவுசெய்து மறக்க வேண்டாம். பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் காரணம் அதுதான்.

மாமா நீர்ப்பாசனப் பகுதியில் ஓவசியராக இருந்து ஓய்வு பெற்றவர். வாய்க்கால் கட்டுகிறவர்கள் சீமெந்தை எங்கே ஒளிக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய உத்தியோகம். சம்பளம் நின்ற பிறகும் அந்த உத்தியோகத்தை அவர் விடவில்லை. பாலைச் சந்தேகிப்பார், பால்காரனைச் சந்தேகிப்பார், வானிலை அறிக்கையைச் சந்தேகிப்பார். பத்திரிகையில் மரண அறிவித்தல் வாசித்தால், "இந்த ஆள் உண்மையிலயே செத்திட்டாரா?" என்று மாமியிடம் கேட்பார். நான் வந்த முதல் வாரம் என் பிறப்புச் சான்றிதழை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

உலகத்தில் அவர் முழுதாக நம்பியது ஒரு மோட்டார் சைக்கிளை மட்டும்தான். எந்தக் கம்பனி என்று எழுதமாட்டேன். எழுதினால் அதன் பக்தர்கள் சண்டைக்கு வருவார்கள். இங்கிலாந்தில் செய்தது, இரண்டு சிலிண்டர், மாமாவின் கலியாணத்துக்கும் முந்தியது. அது ஓடும்போது கொஞ்சத் தூரம் ஒழுங்காக இடித்துக்கொண்டு போய், பிறகு ஒரு தரம் இருமும். மறுபடி ஒழுங்காகப் போய், மறுபடி இருமும். மாமா அதை ஒரு குறையாகவே எடுத்ததில்லை.

கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழியில் மோட்டார் சைக்கிளும் அகப்பட்டது. (அன்று அந்தத் தெருவில் போனவர்களைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. சிரிக்க எழுதும் இடத்தில் அவர்களைக் கொண்டுவந்து நிறுத்த எனக்கு மனமில்லை.) அலுமாரியும் அதற்குள் இருந்த வயல் காணியின் உறுதிப் பத்திரமும் போய்விட்டன. மோட்டார் சைக்கிளை மட்டும் மணலுக்குள்ளிருந்து தோண்டி எடுத்து, கழுவி, சாக்குப் போட்டு மூடிவைத்திருந்தார்கள். நான் மாப்பிள்ளையாக வந்தபோதும் அது சாக்குக்குள்தான் இருந்தது.

யுத்தம் முடிந்த வருடம், ஒரு நாள் காலையில், வாவிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மனிதர் சைக்கிளில் வந்தார். எங்கள் ஊர் இருப்பது சூரியன் எழும் பக்கம், எழுவான்கரை. வாவியைத் தாண்டினால் சூரியன் படும் பக்கம், படுவான்கரை. மாமாவின் வயல் அங்கேதான் இருந்தது. வந்தவர் அந்த வயலைப் பார்த்து வந்த முல்லைக்காரர். கடல் வந்த குழப்பத்திலும் பிறகு திரும்பத் தொடங்கிய சண்டையிலும் இவரால் அங்கே போகவும் முடியவில்லை, அவரால் இங்கே வரவும் முடியவில்லை. வாசலில் மாமாவைக் கண்டதும் அவர் சைக்கிளை அப்படியே கீழே விட்டுவிட்டார்.

"ஐயா, நீங்க கடலோட போயிட்டீங்க எண்டுதான் அங்க கதை. உங்கட பேரில அமுதும் குடுத்து முடிச்சாச்சு."

அமுது என்றால் செத்தவர் பேரில் ஊருக்குப் போடும் சாப்பாடு. மாமாவின் முகம் மாறியது.

"என்ன கறி?" என்று கேட்டார்.

"மரக்கறிதான் ஐயா."

"பாத்தீங்களா," என்று மாமா எங்கள் பக்கம் திரும்பினார். செத்த பிறகும் தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்பது அவர் கண்ணில் தெரிந்தது.

முல்லைக்காரர் கொண்டுவந்த செய்தி வேறு. பெரும்போகம் தொடங்குவதற்கு முந்திய கூட்டம் வரப்போகிறது. அந்த வட்டையில், அதாவது அந்த வயல்வெளி முழுவதிலும், எது யாருடைய வயல் என்று அன்றைக்கு வட்டைக்குப் பொறுப்பான விதானையார் எல்லோர் முன்னாலும் சொல்லி முடிப்பார். மாமாவின் வயலைப் பக்கத்து வயல்காரர் சில போகமாக விதைத்து வருகிறார். ஆள் செத்துவிட்டார், தன் பேரில் சொல்லுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். உறுதியோ கடலில். விதானையாருக்கோ கண் மங்கிவிட்டது. இதற்கிடையில் செத்தவர்களின் பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டு வந்த இரண்டு பேர் அவரை ஏமாற்றியும் இருந்தார்கள். ஆகவே மாமா அந்தக் கூட்டத்தில் தானே போய் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வயல் போனது போனதுதான்.

"ஆட்டோ ஒண்டு பிடிப்பம்," என்றேன்.

"ஆட்டோவில போய் இறங்கினா விதானை ஆரோ எண்டு நினைப்பான். நான் அந்த வட்டைக்கு ஒரு நாளும் வேற ஒண்டில போனதில்ல," என்றார் மாமா. சாக்கைத் தூக்கினார்.

எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிழை பொயின்ற்றில் இருந்தது. எஞ்சின் சுற்றும்போது திறந்து திறந்து மூடி, எப்போது தீப்பொறி பாய வேண்டும் என்று சொல்லும் இரண்டு சின்ன உலோகப் பொட்டுக்கள்தான் பொயின்ற். உப்புத் தண்ணீர் அவற்றைத் தின்றிருந்தது. மாமா நகம் தேய்க்கும் அரத்தால் காலையில் தேய்த்துவிட்டால் மத்தியானம் வரைக்கும் ஓடும். பிறகு படுத்துவிடும். புதிது வாங்கக் கொழும்பில் தேடியும் கிடைக்கவில்லை.

அப்போதுதான் லண்டன் சகலன் தொலைபேசியில் வந்தார். சகலன் என்றால் முன்வீட்டு மருமகன். பொயின்ற்றுக்குப் பதிலாக ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கிறதாம், எல்லாம் எலெக்ட்ரோனிக், தேயாது, துருப்பிடிக்காது, தான் வாங்கி அனுப்புகிறேன் என்றார். எது நல்லது என்று மருமகன் பார்த்துச் சொல்லட்டும் என்றார் மாமா. அந்த வீட்டில் நான் பார்த்துச் சொல்ல வேண்டிய முதலாவது விடயம் அது. (அதற்கு முன்பு பூனைக்குப் பெயர் வைக்கக் கேட்டார்கள். வைத்த பெயரை மாற்றிவிட்டார்கள்.)

நான் டவுனில் நெட் கபேயில் போய் உட்கார்ந்தேன். இங்கிலாந்தில் ஓய்வு பெற்ற கிழவர்கள் எல்லோரும் வேறு வேலையில்லாமல் கொயிலைப் பற்றியே சண்டை பிடிக்கிறார்கள் என்பதை அங்கேதான் அறிந்தேன். பற்றரியின் மின்சாரத்தைப் பெருக்கித் தீப்பொறியாக்குவது கொயில். இரண்டு சிலிண்டருக்கு இரண்டு கொயில். கறுப்புப் பெட்டி போட்டால் பழைய கொயில் பொருந்தாது, புதிதும் வேண்டும். ஒரு கிழவர் ஆறு வோல்ட் கொயில் இரண்டு போடு என்றார். இன்னொரு கிழவர் இரண்டு வாயுள்ள பன்னிரண்டு வோல்ட் கொயில் ஒன்றே போதும் என்றார். மூன்றாவது கிழவர் முதல் இரண்டு கிழவர்களும் கடைக்காரனின் ஆட்கள் என்றார். எனக்கு அந்த மூன்றாவது கிழவரைப் பிடித்துக்கொண்டது.

"பெட்டியோட ஆறு வோல்ட் கொயில் ரெண்டு எடுக்கச் சொல்றான் கடைக்காரன்," என்றார் சகலன் அடுத்த முறை.

"பற்றரி பன்னிரண்டு தானே அண்ணன்? பன்னிரண்டு வோல்ட் கொயில்தானே வேணும்?"

"ரெண்டையும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டாக் குடுத்தா ஆறும் ஆறும் பன்னிரண்டு. படம் பெட்டிக்குள்ளயே இருக்கு."

நான் டவுனில் ஏ.எல். வகுப்புப் பிள்ளைகளுக்கு வணிகக் கல்வி ரியூசன் கொடுத்து வந்தவன். ஆறும் ஆறும் பன்னிரண்டு என்று ஒருவர் அழுத்திச் சொன்னால், அதற்குள் ஏதோ இருக்கிறது என்று எனக்கு உடனே பட்டுவிடும். முழுக் கொயில் கேட்ட இடத்தில் பாதிக் கொயில் இரண்டு வருகிறது. பெயர் அவருக்கு, பாதி எனக்கு. இருந்தாலும் சரி, அனுப்புங்கள் என்றேன்.

பொதி வந்தது. மாமா கறுப்புப் பெட்டியை மணந்து பார்த்தார். காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டினார்.

"உள்ளுக்க என்ன அசையுது, மருமகன்?"

"ஒண்டும் அசையாது மாமா. அதாலதான் தேயாது."

"ஒண்டும் அசையாம எப்பிடி வேலை நடக்கும்? நான் சேவிஸ் முழுக்க அசையாத ஆக்களோடதான் வேலை செய்தனான். எனக்குத் தெரியும்."

காத்தான்குடியில் வள்ள எஞ்சின் திருத்தும் ரபீக் காக்கா வந்து பூட்டிக் கொடுத்தார். (காக்கா என்றால் அங்கே அண்ணன்.) அவரும் பெட்டியை நம்பவில்லை. படத்தை மடியில் விரித்துவைத்து, ஒவ்வொரு வயராகப் பார்த்துப் பார்த்துப் பூட்டினார். பற்றரியிலிருந்து முதல் கொயிலுக்கு, முதல் கொயிலிலிருந்து இரண்டாம் கொயிலுக்கு, அங்கிருந்து பெட்டிக்கு.

"இது ஏன் காக்கா இப்பிடிச் சுத்திப் போகுது?" என்று கேட்டேன்.

"எனக்கும் வெளங்கல்ல தம்பி. படத்துல இப்பிடித்தான் இரிக்கி. மாத்தப் போனா நான் பொறுப்பில்ல."

உதைத்ததும் எஞ்சின் பிடித்தது. தையல் மெஷின் ஓடுவது போல ஒரே சீரான சத்தம். இருமல் இல்லை, தும்மல் இல்லை. வதனி கைதட்டினாள். மாமா மட்டும் தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"சத்தம் சரியில்ல," என்றார். "ஆரோ வேற ஆள்ட மோட்டச்சைக்கிள் போலக் கிடக்கு."

நல்லதையே பொறுக்க முடியாத மனிதர் என்று நினைத்தேன். கூட்டத்துக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளும் நான் நிம்மதியாகத் தூங்கியிருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

தூங்கவில்லை. வளவில் போகும்போதும் வரும்போதும் அந்தக் கொயில்களைப் பார்த்தேன். இரண்டிலும் ஆறு என்று எழுதியிருந்தது. பற்றரி கொடுப்பதெல்லாம் முதல் கொயிலுக்குப் போகிறது. முதல் கொயில் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை இரண்டாம் கொயிலுக்குத் தள்ளிவிடுகிறது. முன்னால் இருப்பவனுக்கு முழுப் பழம், பின்னால் இருப்பவனுக்கு நைந்த பழம். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு இரும்புச் சாமானுக்காக நான் கண் கலங்கியது வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான். படத்தை வரைந்தவன் யாராக இருந்தாலும் அவன் மூத்த மருமகனாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டினேன்.

பங்குடைமைக் கணக்கு படிப்பிக்கிறவன் கண் முன்னால் இப்படி ஒரு அநியாயம் நடக்கக் கூடாது. கூட்டத்துக்கு முதல் நாள் மத்தியானம், மாமா சாப்பிட்டுவிட்டுச் சாய்மனைக் கதிரையில் முகத்தில் துவாயைப் போட்டுக்கொண்டு படுத்திருந்த நேரம், நான் திருப்புளியோடு மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தினேன். பற்றரியிலிருந்து இரண்டு கொயிலுக்கும் தனித்தனி வயர் கொடுத்தேன். இரண்டிலிருந்தும் பெட்டிக்குத் தனித்தனி வயர். யாரும் யாருடைய மிச்சத்தையும் வாங்க வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் இயக்கிப் பார்த்தேன். முன்னைவிடத் துடிப்பாக ஓடியது போலத்தான் பட்டது. மாமா அசையவில்லை.

மறுநாள் காலையில் மாமா வெள்ளை வேட்டி கட்டினார். மாமி ஒரு டிபன் கரியரைத் துணியில் இறுக்கிக் கட்டி என் கையில் தந்தார். மாமா ஓட்டுவார், பின்வீட்டு மருமகனுக்குப் பின்சீற்றுத்தானே. கரியரை மடியில் வைத்ததும் தொடை நசிந்தது. அவ்வளவு பாரம்.

"நண்டா மாமி?" என்று மெதுவாகக் கேட்டேன். வாவி நண்டென்றால் எனக்கு உயிர்.

"அங்க போய்த் திறந்து பாருங்க மகன்," என்றார் மாமி. வதனி வாசலில் நின்று வேறு பக்கம் பார்த்தாள். அதை நான் அப்போதே சந்தேகித்திருக்க வேண்டும். எனக்கு நண்டு கண்ணை மறைத்துவிட்டது.

அந்த நாட்களில் மண்முனையில் பாலம் இல்லை. பாதையில்தான் வாவியைக் கடக்க வேண்டும். பாதை என்று நாங்கள் சொல்வது, மிதவைகளுக்கு மேலே பலகை அடித்து, ஆட்களையும் ஆடுமாடுகளையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு போகும் தட்டைப் படகு. துறையடியில் நின்ற சிப்பாய் கரியரைக் கண்டு, "மொனவாத?" என்று சிங்களத்தில் என்னவென்று கேட்டான்.

"பத் மாத்தயா," என்றார் மாமா. சோறுதான் ஐயா என்று அர்த்தம். சிப்பாய் விரலால் கரியரைத் தட்டிப் பார்த்தான். டங் என்றது. நண்டின் ஓடு என்று நான் நினைத்தேன். போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

பாதையில் ஏற நிற்கும்போதே ஒரு மணம் வந்தது. கருகிய மணம். மாமி நண்டை அடிப்பிடிக்க விட்டுவிட்டாரா என்று கரியரை மணந்து பார்த்தேன். அதில் மணமே இல்லை. நண்டுக் கறிக்கு மணம் இல்லை என்பதையும் நான் சந்தேகிக்கவில்லை. பாதையில் ஏற்றியதும் எஞ்சினை நிறுத்தினோம். அக்கரையில் இறங்கி மாமா உதைத்தார். ஒன்றுமில்லை. இன்னும் உதைத்தார். எஞ்சின் இருமக்கூட இல்லை.

சீற்றைத் தூக்கினேன். கறுப்புப் பெட்டி உருகி, உள்ளிருந்து தார் போல ஏதோ ஒழுகி, பின்சக்கரத்து மண்காப்பில் இறங்கியிருந்தது. கொயில்கள் இரண்டும் தொட முடியாத சூடு. ஆறு வோல்ட்டுக்குச் செய்த கொயில் ஒவ்வொன்றுக்கும் நான் முழுப் பன்னிரண்டையும் அள்ளிக் கொடுத்திருக்கிறேன். இரண்டும் தின்ற தீனியைத் தாங்க முடியாமல் பெட்டி செத்திருக்கிறது. நீதி கிடைத்த இரண்டாம் கொயில் முதல் கொயிலுக்குச் சமனாகவே கருகியிருந்தது.

பாதையில் வந்தவர்கள் சேர்ந்து மோட்டார் சைக்கிளை ஒரு மருத மரத்தடிக்குத் தள்ளிவிட்டு, எங்களை ஒருமாதிரிப் பார்த்துக்கொண்டு போனார்கள். அந்தக் காலத்தில் வயர் தொங்கும் சாமானோடு வழியில் நிற்பவர்களுக்குப் பக்கத்தில் யாரும் அதிக நேரம் நிற்கமாட்டார்கள். கூட்டம் இந்நேரம் தொடங்கியிருக்கும். நடந்துபோனால் முடிந்த பிறகுதான் போய்ச் சேருவோம். மாமாவின் வயல் என் கண் முன்னால் கருகிக் கிடந்தது. திட்டினாலாவது தாங்கலாம். மாமா திட்டவில்லை.

"அந்தக் கரியரத் தாங்க," என்றார்.

இந்த நேரத்தில் சாப்பிடப் போகிறாரா என்று திகைத்துப்போய்க் கொடுத்தேன். துணியை அவிழ்த்தார். முதல் தட்டைத் திறந்தார். எண்ணெய்த் துணிக்குள் பழைய பொயின்ற், அதனோடு கழற்றிய சின்னச் சாமான்கள் எல்லாம். இரண்டாம் தட்டில் பழைய கொயில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன. மூன்றாம் தட்டில் திருப்புளி, நட்டுக் கழற்றும் சாவி, பிளேட், நகம் தேய்க்கும் அரம். (சிப்பாய் அதைத் திறந்திருந்தால் நாங்கள் இன்றைக்கும் எங்கேயாவது இருந்து விளக்கம் சொல்லிக்கொண்டிருப்போம்.)

அப்போது நான் கேட்ட கேள்வியை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

"அப்ப சோறு, மாமா?"

மாமா தலை நிமிரவில்லை. அரத்தை எடுத்துப் பொயின்ற்றைத் தேய்க்கத் தொடங்கியபடியே சொன்னார்.

"சோறு கட்டுறது நம்பிக்கையான ஆக்களோட போகக்குள்ள."

வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் பூட்ட, நான் வெயில் படாமல் குடை பிடித்தேன். என் தகுதிக்கு அன்றைக்கு அந்த வேலைதான் மிஞ்சியிருந்தது. இடைவெளியைப் பிளேட்டால் அளந்தார், முடுக்கினார், மறுபடி அளந்தார். தன் கையால் பூட்டியதையும் அவர் சந்தேகித்தார் என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கடைசியில் எழுந்து உதைத்தார். எஞ்சின் பிடித்தது. கொஞ்சம் ஒழுங்காக இடித்து, ஒரு இருமல். கொஞ்சம் ஒழுங்காக இடித்து, ஒரு இருமல்.

வட்டையில் அந்த நேரம் நடந்ததைப் பிறகு முல்லைக்காரர்தான் எங்களுக்குச் சொன்னார். பக்கத்து வயல்காரர் எழும்பிப் பேசிக்கொண்டிருந்தாராம். ஓவசியர் கடலோடு போனது ஊருக்கே தெரியும், அமுதும் சாப்பிட்டாச்சு, இனி யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று கேட்டிருக்கிறார். விதானையார் வாயைத் திறக்கப்போனவர், அப்படியே கையை உயர்த்தினாராம்.

"கொஞ்சம் பொறுங்க. அந்தா இருமுது."

"என்னது விதானையார்?"

"ஓவசியர்ட மோட்டச்சைக்கிள். மறுகாவும் இருமுது, கேளுங்க."

"ஆள் செத்துப் போயிட்டார் ஐயா. வேற ஆரும் ஓட்டி வருவாங்க."

"அத அவரத் தவிர ஒருத்தராலயும் ஓட்ட ஏலா," என்றாராம் விதானையார். "காலையில இருந்து எத்தின மோட்டச்சைக்கிள் வந்திட்டு. நான் எழும்பினனானா?"

நாங்கள் வரம்போரமாகப் போய்ச் சேர்ந்தபோது விதானையார் எழுந்து நின்றுகொண்டிருந்தார். கண் இரண்டும் வெள்ளை பூத்திருந்தன. முதலில் மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கியைத் தடவினார். பிறகு மாமாவின் கையைப் பிடித்து, முழங்கை வரைக்கும் தடவிக்கொண்டே போனார். கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் மாமாவின் கால் நிலத்தில் படுகிறதா என்று குனிந்து பார்த்தார்கள்.

"நீ இருக்கிறாயா?" என்று கேட்டார் விதானையார்.

"இருக்கன்," என்றார் மாமா. பத்திரிகையில் யார் செத்ததையும் நம்பாத மனிதர், தான் உயிரோடு இருப்பதைச் சொல்லும்போது தேம்பி அழுதார். நானும் அழுதேன். பசியும் கொஞ்சம் சேர்ந்திருந்தது, ஆனாலும் அது உண்மையான அழுகைதான். பக்கத்து வயல்காரர் எழுந்துவந்து, தானே வரம்பைப் பழையபடி வெட்டித் தருவதாகச் சொன்னார். வயல் வயலாகவே திரும்பி வந்தது.

முல்லைக்காரர் வீட்டில் தயிரும் சோறும் கிடைத்தன. சாப்பிட்டு முடித்துத் திரும்பும் வழியில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. பாதையில் நிற்கும்போது மாமாவிடம் சொன்னேன்.

"மாமா, யோசிச்சுப் பாருங்க. அந்தப் பெட்டி எரியாம இருந்திருந்தா மோட்டச்சைக்கிள் இருமாமப் போயிருக்கும். விதானையாருக்கு நீங்கதான் எண்டு தெரிஞ்சிருக்காது. நான் வயர மாத்தினதாலதான் வயல் கிடைச்சது."

மாமா வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நன்றி சொல்லவா?" என்றார்.

என் வாதத்தை அந்த வீட்டில் இன்றுவரைக்கும் ஒருவரும் ஏற்றுக்கொள்ளவில்லை. அன்று மாலையே சகலன் லண்டனிலிருந்து தொலைபேசி எடுத்தார். கொயில் ரெண்டையும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டாத்தானே குடுத்தீங்க என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மாமா பின்னாலிருந்து, அவருக்குக் கேட்கும்படியாக, "உங்கட சகலன் நீதியான ஆள். சமனாப் பிரிச்சுக் குடுத்தவர்," என்றார். முன்வீட்டு மருமகன் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருந்து சிரித்த சிரிப்பு முற்றம் முழுக்கக் கேட்டது.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. நான் வயரை மாற்றிய அந்த மத்தியானம், துவாய்க்குக் கீழே மாமாவின் கண் மூடியிருந்ததா, திறந்திருந்ததா? பழைய சாமானையெல்லாம் கரியரில் கட்டச் சொன்னது பெட்டியை நம்பாததாலா, என்னைக் கண்டதாலா? அந்த இருமல் இல்லாமல் வட்டைக்குப் போகக் கூடாது என்று முன்பே நினைத்துவிட்டாரா? வதனியிடம் கேட்டால் சிரிக்கிறாள். மாமியிடம் கேட்டால் மாம்பழம் வெட்டித் தருகிறார். மாமாவிடமே நேரே கேட்டிருக்கிறேன். அவர் துவாயை எடுத்து முகத்தில் போட்டுக்கொள்வார்.

அன்றிலிருந்து நான் எதையாவது பொறுப்பெடுத்தால் வீட்டில் யாராவது கரியரைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். மகளின் பிறந்தநாளுக்கு நான் கேக் சொல்லிவிட்டு வந்தபோது, மாமி கரியருக்குள் இன்னொரு கேக் செய்து வைத்திருந்தார். மின்விளக்கு மாற்ற ஏணியில் ஏறினால் மகளே கீழிருந்து, "அப்பா, கரியர் எடுக்கவா?" என்று கேட்கிறாள். அவள் பிறப்பதற்கு முந்திய கதை அது. யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

இப்போது மண்முனையில் பாலம் வந்துவிட்டது. மாமாவால் மோட்டார் சைக்கிளை உதைக்க முடிவதில்லை. போன பெரும்போகத்துக்கு முன்பு, கூட்டத்தன்று காலையில், என்னைக் கூப்பிட்டு மோட்டார் சைக்கிளை இயக்கும் திறப்பைக் கையில் தந்தார். "போயிட்டு வாங்க மருமகன்," என்றார், அவ்வளவுதான். லண்டன் மருமகன் விடுமுறையில் வந்து முன்வீட்டில்தான் இருந்தார். திறப்பு எனக்குத்தான் வந்தது. மாமி கரியரைத் துணியில் கட்டித் தந்தார். வாங்கியதும் பாரம் தெரிந்தது. மனது விழுந்துவிட்டது.

இருமிக்கொண்டே பாலத்தின் நடுவுக்குப் போனேன். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு, துணியை அவிழ்த்து, மேல் தட்டைத் திறந்தேன். நண்டுக் கறி. உண்மையான வாவி நண்டு, கால் முறித்துப் போட்டுச் சமைத்தது. இரண்டாம் தட்டில் சுடச்சுடச் சோறு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் இந்த வீடு என்னை நம்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, பொரியல் ஏதும் இருக்கும் என்று அடித்தட்டையும் திறந்தேன்.

எண்ணெய்த் துணிக்குள் பழைய பொயின்ற் இருந்தது. பக்கத்தில் நகம் தேய்க்கும் அரம்.